டேப்பில் எண் இருக்கு, நேரம் எங்கே?

போன வருஷம் ஒரு நண்பன் தானே எழுதின கிட்டார் பீஸ் ஒண்ணை பிடிஎஃப்-ஆக அனுப்பினான். ரெக்கார்டிங் கிடையாது. மேலே ஸ்டாஃப் நொட்டேஷன், கீழே டேப். நான் வழக்கம்போல டேப்பை மட்டும் பார்த்து ரெண்டு வாரம் பழகி, ஃபோன்ல வாசிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "நல்லா இருக்குடா, ஆனா இது என் பாட்டு இல்லையே"ன்னான்.

அதுவரைக்கும் நான் வாசிச்சதெல்லாம் ஏற்கெனவே கேட்ட பாட்டுகள். எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட்னு டேப் சொல்லும். எப்போங்கிறதை காது நிரப்பிக்கும். கேட்காத பாட்டு வந்ததும் மாட்டிக்கிட்டேன்.

டேப்பைக் குறை சொல்லவும் முடியாது. 1536-ல் ஸ்பெயினில் லூயிஸ் மிலான் வெளியிட்ட 'எல் மாஎஸ்த்ரோ' என்ற விஹுவேலா புத்தகமே டேப்தான். அதிலேயே ஆறு கோடுகளுக்கு மேலே தாளக் குறிகள் உண்டு. இணையத்தில் டைப் அடிச்சுப் போடுற டேப்பில்தான் அது பெரும்பாலும் காணாமப் போச்சு.

சரி, அவன் பீஸோட முதல் பாரைப் பார்ப்போம். 4/4, சி கார்ட். கட்டைவிரலுக்கு நாலு க்வார்ட்டர் நோட், பீட்டுக்கு ஒண்ணு. மத்த விரல்களுக்கு: முதல் பீட்டில் ஒரு க்வார்ட்டர் நோட்; ரெண்டாவதில் எய்த் ரெஸ்ட், பிறகு ஒரு எய்த் நோட், அது மூணாவது பீட் முழுக்க டை ஆகி நீளுது; நாலாவதில் மறுபடி எய்த் ரெஸ்ட், எய்த் நோட்.

இதையெல்லாம் மொத்தமாக் கூட்டினா 8 பீட் வருது. பிரிண்ட் தப்போன்னுகூட நினைச்சேன்! ஃபிங்கர்ஸ்டைல்ல ஒரே கோட்டில் ரெண்டு குரல் எழுதியிருக்கும். தண்டு கீழ்நோக்கி இருந்தா கட்டைவிரல், மேல்நோக்கி இருந்தா மத்த விரல்கள். ரெண்டையும் தனித்தனியாக் கூட்டணும். ஒவ்வொண்ணும் சரியா 4 வரும். நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு த்ரெட், ஒரே க்ளாக். மேல்குரலில் ரெஸ்ட் இருக்குன்னா கிட்டாரே மௌனம்னு அர்த்தமில்ல. கீழே பாஸ் ஓடிட்டேதான் இருக்கும்.

நான் என்ன பண்ணியிருந்தேன்? டேப்பில் தெரிஞ்ச ஆறு அடியையும் சம இடைவெளியில் வாசிச்சிருந்தேன். நாலு பீட் பாட்டு ஆறு பீட் ஆயிடுச்சு.

எனக்குக் கைகொடுத்தது நம்ம சொல்கட்டு. பீட்டுக்கு ஒரு 'தக': தக தக தக தக. ஒவ்வொரு 'த'விலும் கட்டைவிரல். மத்த விரல்கள் முதல் 'த', ரெண்டாவது 'க', நாலாவது 'க', அவ்வளவுதான். முதல்ல கிட்டாரைத் தொடாம தொடையில தட்டிப் பாருங்க. அப்புறம் மெட்ரோனோமை 50-ல வைங்க. 80-ல ஆரம்பிச்சா கை ஏமாத்தும், என் கை ஏமாத்துச்சு.

ஆனா சொல்கட்டு எங்கே அடிக்கணும்னுதான் காட்டும். எவ்வளவு நேரம் ஒலிக்கணும்னு காட்டாது. அந்த டை-க்காக, மூணாவது பீட்டில் கட்டைவிரல் பாஸை மீட்டும்போதும் இடதுகை ரெண்டாவது கம்பியை விடாம அழுத்தியிருக்கணும். நான் எடுத்துடுவேன், நோட் பாதியில் செத்துப்போகும்.

போன வாரம் மறுபடி வாசிச்சுக் காட்டினேன். "இப்போ என் பாட்டுதான்"ன்னான். "மூணாவது பார்ல மட்டும் ஒரு டை விட்டுட்டே."