ஹிப் ஹாப் இதழ்ப் படப்பிடிப்பு: காவிரிப் படுகையில் இடமும் உடையும்

ஹிப் ஹாப் இதழ்ப் படப்பிடிப்பு என்பது ராப் பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரை இசை இதழின் அட்டைக்காகவும் உள்பக்கக் கட்டுரைக்காகவும் படம் எடுக்கும் வேலை. யாரை எடுப்பது, எங்கே நிறுத்துவது, என்ன உடுத்துவது ஆகிய மூன்றும் படப்பிடிப்பு நாளுக்கு முன்பே முடிவாக வேண்டும். இவற்றுள் ஒன்று பிசகினாலும் படம் அழகாக இருந்துகொண்டே பொய் சொல்லும். தஞ்சாவூரைச் சுற்றியுள்ள நெல் வயல்களில் இத்தகைய படப்பிடிப்பைத் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியவை இங்கே விளக்கப்படுகின்றன.

அட்டையில் யார்

தமிழ் ராப் இசையில் அட்டைப்படம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2021 ஆகஸ்டில் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் மாஜா தளத்தின் வழியாக ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளியானது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடிய பாடல் அது. வரிகளை எழுதிய அறிவு அரக்கோணத்துக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அதில் வைத்திருந்தார்.

ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், ஈழத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தனர். அவர்களை அறிமுகப்படுத்தும்போது இதழ் ‘எஞ்சாய் எஞ்சாமி’யையும், ‘சார்பட்டா பரம்பரை’ படத்தின் ‘நீயே ஒளி’யையும் குறிப்பிட்டது. இரண்டு பாடல்களையும் எழுதியவர் அறிவு. அட்டையில் அவர் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். இணையத்தில் விவாதம் பெருகியது. சில நாட்களில் அறிவின் படத்தோடு டிஜிட்டல் அட்டை ஒன்றை இதழ் வெளியிட்டது.

நிலமற்றவர்களைப் பற்றிய பாடலுக்கு இப்படி நேர்ந்ததுதான் பலரை உறுத்தியது. ஆகவே திட்டமிடலின் முதல் தாள் இடங்களின் பட்டியல் அல்ல. கட்டுரையில் பேசப்படும் ஒவ்வொரு பாட்டையும் எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர், தாளம் வாசித்தவர் யார் என்ற பட்டியலே அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையில் யார், உள்பக்கத்தில் யார் என்று முடிவு செய்தால், விடுபட்டவர் யார் என்பது அச்சுக்குப் போகும் முன்பே கண்ணில் படும்.

இடம்

ஹிப் ஹாப் இதழ்களில் இடம் வெறும் பின்னணியாக இருப்பதில்லை. நியூயார்க்கின் ஹார்லெமில், 126ஆவது தெருவில் உள்ள ஒரு வீட்டுப் படிக்கட்டில் 1958இல் ஆர்ட் கேன் 57 ஜாஸ் கலைஞர்களை நிறுத்திப் படம் எடுத்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, எக்ஸ்எக்ஸ்எல் என்ற ஹிப் ஹாப் இதழுக்காகக் கோர்டன் பார்க்ஸ் அதே இடத்துக்கு ராப் கலைஞர்களை வரவழைத்தார். ஜாஸின் வாரிசுகள் நாங்கள் என்பதை அந்தத் தெருவே சொன்னது. தஞ்சை வட்டாரத்தில் இடம் தேடுபவரும் கேட்க வேண்டியது இதைத்தான்: இந்த இடம் யாருடைய வரலாற்றைச் சொல்கிறது?

முதலில் எல்லோர் நினைவுக்கும் வருவது பெரிய கோயில். இராஜராஜன் கட்டி 1010இல் நிறைவுற்ற இக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வணிகப் படப்பிடிப்புக்குத் துறையின் முன் அனுமதியும் கட்டணமும் தேவை. தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இதுவே விதி. இன்னொரு சிக்கலும் உண்டு. வழிபாடு நடக்கும் கோயிலாதலால் செருப்பையும் ஷூவையும் வெளியே விட வேண்டும். ஷூவை முகத்துக்குச் சமமாக மதிக்கும் ஹிப் ஹாப் படத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல! அகழியை ஒட்டிய சாலையில் நின்று, விமானத்தைத் தொலைவில் வைத்து எடுப்பது ஒரு வழி.

வயல்தான் இடம் என்றால் நாட்காட்டி முக்கியம். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கும். தண்ணீர் சில நாட்களில் கல்லணை வந்து சேரும். குறுவைக்காக உழுது நீர் கட்டிய வயல்கள் அப்போது கண்ணாடி போல் வானத்தைக் காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பாப் பயிர் அடர்ந்த பச்சை. ஆனால் வடகிழக்குப் பருவமழை எந்த நாளையும் விழுங்கிவிடும். தை பிறந்ததும் கதிர் பொன்னிறமாகும். காலையில் பனி மூட்டம் இருக்கும். இரண்டு வாரத்தில் அறுவடை இயந்திரம் வந்துவிட்டால் எஞ்சுவது தாளடியும் வைக்கோலும்தான். மாசி, பங்குனியில் உளுந்து, பயறு. சித்திரை, வைகாசியில் வெடித்த நிலம். அணை திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். ‘பச்சை வயல் வேண்டும்’ என்று மே மாதத்தில் சென்னையிலிருந்து கிளம்பி வருபவர்கள் ஆற்று மணலைப் படம் எடுத்துத் திரும்புவதே நடக்கும்.

வயலை விட வலுவான இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்பது இக்கட்டுரையின் கருத்து. அம்பாரமாகக் குவிந்த நெல், சாக்கு அடுக்கு, தார்ப்பாய், எடை இயந்திரம், மூட்டை தூக்குபவர்கள், மழை வருமோ என்று வானத்தைப் பார்த்து நிற்கும் விவசாயி எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் கிடைக்கும். நுகர்பொருள் வாணிபக் கழகத்திடம் முறையாக அனுமதி பெற வேண்டும்.

டிரோன் பறக்கவிட எண்ணுவோர் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் உள்ளது. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி வான்பரப்பு சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அரசின் இணைய வரைபடத்தில் அந்த ஊரின் நிறத்தைப் பார்த்த பிறகே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

உடை

1986இல் ரன் டிஎம்சி குழு ஷூவைப் பற்றிப் பாடியதும், ஹார்லெமில் டேப்பர் டேன் என்ற தையற்காரர் விலையுயர்ந்த நிறுவனங்களின் முத்திரைகளைத் தாமே அச்சிட்டு ராப் கலைஞர்களுக்கு உடை தைத்ததும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னன: எங்களுக்கு மறுக்கப்பட்டதை நாங்கள் உடுத்துவோம். காவிரிப் படுகையில் அந்த இடத்தில் இருப்பது துண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினர் அதைத் தோளில் போட்டு நடக்க முடியாத காலம் இருந்தது. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த தஞ்சை மாவட்டத்தில், 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய விவசாயிகள் இயக்கம் அவற்றை எதிர்த்துப் போராடியது. ஆகவே ராப் பாடகரின் தோளில் கிடக்கும் துண்டு அலங்காரம் மட்டுமன்று. எந்தத் துண்டு, எந்த நிறம், எப்படிப் போடுவது என்பதை உடை வடிவமைப்பாளர் தனியாக முடிவு செய்யாமல் கலைஞரிடம் கேட்க வேண்டும்.

தடித்த சங்கிலிக்குச் சிதம்பரம் கவரிங் போதும். அதைக் கவரிங் என்று மறைக்காமல் காட்டுவதும் ஓர் அழகு. தஞ்சாவூர் என்றதும் தலையாட்டி பொம்மையைக் கையில் கொடுப்பது எளிது, ஆனால் படம் சுற்றுலா விளம்பரமாகிவிடும். கைலி நன்றாக எடுபடும். மிக நெருக்கமான கட்டம் போட்டதைத் தவிர்க்கலாம், கேமராவில் அலையலையான கோடுகள் விழும்.

பயிர்ப் பச்சை முகத்தில் பிரதிபலித்துத் தோலைப் பச்சையாக்கும். முகத்தருகே வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடித்தால் அது குறையும். வெள்ளைச் சட்டைக்கு ஏற்ப ஒளியை அளந்தால் கறுத்த முகம் இருண்டுபோகும்; முகத்தைத்தான் அளக்க வேண்டும். பின்னர் கணினியில் தோலை வெளுக்க வைப்பது இந்த இசைக்கே எதிரான செயல்.

வயலில் இருப்பவர்கள்

நடவு நேரத்தில் போனால் வயலில் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பின்னணி அல்ல. பரப்புக் கணக்கில் கூலி பேசி நடும் குழுவை ஒரு மணி நேரம் நிறுத்தினால் அவர்கள் வருமானம் குறையும். வெயில் ஏறிய பிறகும் வேலை நீளும். முதல் நாளே போய்க் கேட்டு, சம்மதித்தவர்களுக்குப் படப்பிடிப்புச் செலவுக் கணக்கிலிருந்து கூலி கொடுக்க வேண்டும். நிலத்துக்காரரின் அனுமதி வேறு, இவர்களின் சம்மதம் வேறு.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 44 தலித் மக்கள் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். அவ்வூரைப் பற்றிப் பாடியவரை அங்கே அழைத்துச் செல்வதில் பொருள் உண்டு. அப்போதும் ஊராரிடம் பேசிய பிறகே கேமராவை வெளியே எடுக்க வேண்டும். உடை மாற்றும் வேலை அங்கே கூடாது.

படம் அச்சாகும்போது, அதில் முகம் தெரியும் தொழிலாளர்களின் பெயரை அவர்கள் விரும்பினால் படக்குறிப்பில் போட வேண்டும். பெயரை எப்படி எழுதுவது என்பதை வரப்பிலேயே கேட்டு, அவர்கள் முன்பே எழுதிக்கொள்வது நல்லது. அலுவலகத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் வள்ளியம்மை வள்ளியாகிவிடுவார்.