ஈரத்துணி சொல்லும் கணக்கு

ஆடிப்பட்டத்துக்குப் பாத்தி கட்டும்போது பழைய விதைப் பொட்டலங்கள் வெளியே வரும். போன வருடத்து வெண்டை, பாதி தீர்ந்த மிளகாய், எந்த வருடத்தது என்றே தெரியாத கத்தரி. பார்வைக்கு எல்லாம் நன்றாகவே இருக்கும். உயிர் போன விதை பெரும்பாலும் தோற்றத்தில் மாறுவதில்லை.

பலர் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள். நெல்லுக்கு உப்புக் கரைசலில் செய்யும்போது அது அருமையான முறை. பதரும் அரைகுறை மணியும் மிதந்துவிடும். ஆனால் அது சொல்வது எடையை மட்டுமே. செத்த விதையும் கனமாக இருந்தால் மூழ்கும். ஊறி உப்புவதையும் நம்ப முடியாது. நீரை உறிஞ்சுவது பௌதிக வினை, அதற்கு உயிர் தேவையில்லை. வேறுபாடு அதன் பிறகுதான் தெரியும். உயிருள்ள விதை, உலர்ந்து கிடந்தபோது பழுதான செல் சவ்வுகளைச் சீர்செய்துகொண்டு முளைவேரை வெளியே தள்ளும். செத்த விதையில் சவ்வு சிதைந்து சர்க்கரை வெளியே கசியும். அதைத் தேடிப் பூஞ்சணம் வரும்.

ஆகவே முளைக்க வைத்துப் பார்ப்பதே நேர்வழி. ஜெர்மனியின் தாரண்ட் ஊரில் 1869இல் ஃபிரீட்ரிக் நோபே தொடங்கிய முதல் விதைப் பரிசோதனை நிலையம் முதல் இன்றைய ஆய்வகங்கள் வரை அடிப்படை இதுதான். பருத்தித் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி, மூடியில் துளையிட்ட டப்பாவில் வெயில் படாமல் வையுங்கள். நீர் மிகுந்தால் விதைக்குக் காற்று கிடைக்காது. நல்ல விதையும் அழுகிவிடும். வெண்டை சில நாளிலேயே முளைவிடத் தொடங்கும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஆய்வகங்களே 14 நாள் காத்திருக்கின்றன. ஒரு வாரத்தில் பொறுமையிழந்து மிளகாய் விதையைக் குப்பையில் கொட்டுவது பெரிய அநியாயம்.

எண்ணும்போது கவனம் வேண்டும். வேர்நுனி கருகியதும் தண்டு முறுக்கியதும் முளைத்தவற்றில் சேராது. முளைக்காமல் கல்போலக் கிடப்பது எல்லாம் செத்ததும் அல்ல. வெண்டை, சங்குப்பூ விதைகளின் கடினத் தோல் நீரை உள்ளே விடாமல் தடுக்கலாம். தோலை லேசாகத் தேய்த்து மறுபடி வைத்தால் அவையும் முளைக்கக்கூடும்.

எத்தனை விதை போட வேண்டும்? ஆய்வகத்தில் 400. வீட்டில் பத்து போட்டு ஏழு முளைத்தால் 70 சதவீதம் என்று எழுதிவைக்கிறோம். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலின் பங்கு பெரிது. பொட்டலத்தின் உண்மையான முளைப்புத்திறன் 40 ஆகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம். தக்காளி, மிளகாய் போலத் தாராளமாக விதை இருப்பவற்றில் 50 போடுங்கள். பத்தே சுரை விதை வைத்திருப்பவர் சோதனையை விட்டுவிட்டு நேரே நடுவதே நல்லது.

நூற்றுக்கு நூறு எதிர்பார்க்க வேண்டாம். இந்தியாவில் சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளி, கத்தரிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவீதம். உங்கள் விதை 50 சதவீதம்தான் என்றாலும் அது விதைதான்: 20 செடி வேண்டுமென்றால் 40 விதை, எறும்புக்கும் இறுகிய மண்ணுக்கும் ஈடாக இன்னும் கொஞ்சம்.

என் மதிப்பில், சதவீதத்துக்குச் சமமான முக்கியம் வேகத்துக்கும் உண்டு. ஓரிரு நாளுக்குள் சேர்ந்தாற்போல் முளைப்பது வீரியமான விதை. இரண்டு வாரம் ஒன்றிரண்டாக எட்டிப் பார்ப்பது மூப்படைந்த விதை. துணியில் தேறினாலும் மண்ணை முட்டிக்கொண்டு வரத் திணறும். அப்படிப்பட்டதைப் பாத்தியில் தூவாமல் நாற்றுத் தட்டில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முளைத்தவற்றை எறியாதீர்கள். வேர் நீளும் முன்பே, அது கீழ்நோக்கி இருக்கும்படி மண்ணில் வையுங்கள். துணி இழைக்குள் வேர் புகுந்திருந்தால் இழுக்காமல் அந்தத் துண்டை மட்டும் வெட்டி அப்படியே நடலாம். பருத்தி மண்ணில் மக்கிவிடும்.