600 டாலர் வீல், 1,580 டாலர் பில்!

போன வீடியோவில் "ஆசைச் செலவு" பத்திப் பேசினோம் இல்லையா? அதுக்கு ஒரு நிஜக் கணக்கு இங்கே.

என் காலேஜ் நண்பன் டல்லாஸில் ஐ.டி. வேலையில் இருக்கான். கடன் வாங்காம, சேர்த்து வச்ச காசில் 1992 மாடல் மாஸ்டா மியாட்டா வாங்கினான். 1989-ல் அறிமுகமான ரெண்டு சீட் ஓபன் டாப் கார். எடை ஆயிரம் கிலோகூட வராது. வாங்கின மூணாவது வாரமே போன். "மச்சான், 17 இன்ச் அலாய் வீல், நாலும் சேர்த்து 600 டாலர்தான்டா. போட்டுடவா?"

"முதல்ல முழு பில்லையும் எழுதுடா"ன்னு சொன்னேன். எழுதினான். புது டயர் நாலுக்கு 560. மாட்டி பேலன்ஸ் பண்ண 100. அலைன்மென்ட் 120. டயர் உரசாம இருக்க ஃபெண்டர் ஓரத்தை உள்ளே மடக்க 200. மொத்தம் 1,580 டாலர். வீலோட விலை அதில் பாதிகூட இல்லை!

சரி, பணம் இருக்குன்னே வச்சுக்குவோம். பொருந்தணுமே? இந்தக் காருக்கு நாலு போல்ட். அந்த ஓட்டைகள் அமைஞ்ச வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. நடு ஓட்டை 54.1 மி.மீ. வெளியே விற்கிற வீல்களில் நடு ஓட்டை பெரும்பாலும் இதைவிடப் பெரிசா இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஒரு ரிங் போடணும். சில டாலர்தான், ஆனா அதை விட்டுட்டா வீல் சரியா நடுவில் உட்காராம ஸ்டீயரிங் உதறலாம்.

பலரும் கோட்டை விடுறது ஆஃப்செட்டில்தான். வீலின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து, அது காரில் பதியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்குங்கிற அளவு அது. மியாட்டாவின் ஒரிஜினல் வீல் 14 இன்ச் உயரம், 5.5 இன்ச் அகலம், ஆஃப்செட் 45. அதே ஆஃப்செட்டில் 7 இன்ச் அகல வீல் போட்டா, உள்பக்கமும் வெளிப்பக்கமும் 19 மி.மீ. கூடும். ஆஃப்செட் 35 எடுத்தா உள்ளே 9, வெளியே 29. எந்தப் பக்கம் எவ்வளவு இடம் இருக்குன்னு அளக்காம ஆர்டர் போட்டா, ரிட்டர்ன் கூரியர் செலவும் நம்ம தலையில்தான்.

உயரத்தையும் பாருங்க. ஒரிஜினல் டயர் 185/60 R14; மொத்த விட்டம் 577.6 மி.மீ. 195/50 R15 போட்டா 576. கிட்டத்தட்ட அதேதான். அவன் கேட்ட 17 இன்சுக்கு 205/40 டயர்னா 595.8, அதாவது 3 சதவீதம் அதிகம். மீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 62-ஐத் தொட்டிருக்கும். போலீஸ்கிட்ட இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது!

எடையும் முக்கியம். ஒரிஜினல் அலாய் ஒவ்வொண்ணும் சுமார் ஐந்தரை கிலோ. மலிவான 17 இன்ச் வார்ப்பு வீல் அதைவிட ரொம்ப கனம். லேசான கார்ங்கிறதுக்காகவே மியாட்டா வாங்கிட்டு, அதோட காலில் கல்லைக் கட்டுற வேலை இது. (என் கருத்து, அவனுக்குப் பிடிக்கலை.)

வீலில் "ஜே.டபிள்யூ.எல்." முத்திரை இருந்தா, ஜப்பான் தரப்படி செஞ்சதா தயாரிப்பாளரே சொல்றார்னு அர்த்தம். "வி.ஐ.ஏ." முத்திரையும் சேர்ந்திருந்தா, வெளியாள் சோதிச்சதுன்னு அர்த்தம். போலி முத்திரையும் உண்டு, அதனால பெயர் தெரியாத விற்பனையாளரைத் தவிர்த்துடுங்க. மாத்தின வீலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிடுங்க. நம்ம ஊரில் ஸ்விஃப்ட்டுக்கு அலாய் போட்டாலும் இதே கதைதான்.

கடைசியில் பழைய 15 இன்ச் வீல் நாலு வாங்கினான், டயரோட 500 டாலர். ட்ரெட் புதுசு மாதிரியே இருந்துச்சு. ஆனா பக்கச் சுவரில் 2313-னு இருந்தது. 2013-ம் வருஷம் 23-வது வாரத் தயாரிப்பு! அதைக் காட்டிப் பேசி 350-க்கு முடிச்சு, டயரை மட்டும் புதுசா மாத்திக்கிட்டான்.

ஒரிஜினல் வீல் நாலும் கராஜில் துணி போட்டு மூடியிருக்கு. நாளைக்கு காரை வாங்க வர்றவர் முதல்ல அதைத்தான் கேட்பார்.