முத்துச் சல்லடையும் சங்கீதக் காதும்

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், வியாபாரிகள் முத்தை இரண்டு விதமாகச் சோதிப்பது வழக்கம். முதலாவது சல்லடைச் சோதனை. அடியில் துளையிட்ட பித்தளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். முதல் கிண்ணத்தில் 20 துளைகள். பிறகு கிண்ணத்துக்குக் கிண்ணம் துளைகள் சிறுத்து, அவற்றின் தொகை பெருகி, கடைசிக் கிண்ணத்தில் 1000 வரையில் போகும். எந்தக் கிண்ணத்தில் முத்துத் தங்கி நிற்கிறதோ, அதுவே அதன் பருமன். இந்தக் காரியத்தை ஒரு சிறுவன்கூடச் செய்துவிடலாம். இரண்டாவது சோதனை அப்படிப்பட்டதல்ல. முத்தை உள்ளங்கையில் வைத்து, பகல் வெளிச்சத்தில் உருட்டி, அதன் உருட்சியையும் ஒளியையும் நிறத்தையும் கண்ணால் நிதானிக்க வேண்டும். ஆணிமுத்து என்ற பட்டம் இந்த இரண்டாவது பரீட்சையில் தேறினால்தான் கிடைக்கும்.

1961-ம் வருஷத்துக்குப் பிறகு தூத்துக்குடியில் அந்தப் பெரிய முத்துக் குளிப்புகள் நடைபெறவில்லை. ஆனாலும் அந்த வியாபாரிகளின் முறையை நாம் மறந்துவிடலாகாது. இன்று நடுத்தரக் குடும்பங்கள் யோசித்து யோசித்து வாங்கும் ஒரு சாதனத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. வீட்டில் அமைதியாக உட்கார்ந்து சங்கீதம் கேட்பதற்கு உதவும் ஹெட்போனைத்தான் சொல்கிறேன். சில நூறு ரூபாயிலிருந்து லட்ச ரூபாய்க்கு மேலும் விலை சொல்லப்படும் இந்தச் சாதனத்தை எப்படி ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது? பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைப் பார்த்தா, விலையைப் பார்த்தா, அல்லது நம் காதைக் கொண்டா?

முதலில் இதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த நதேனியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையிலேயே இந்தக் கருவியைச் செய்து, 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். தமிழ்நாட்டில் இது வானொலியோடு கூடவே வந்தது. 1924-ல் சென்னை மாகாண ரேடியோ சங்கம் 40 வாட் சக்தியுள்ள சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. அந்நாளில் சாமானியர் வைத்திருக்கக்கூடிய பளிங்குக்கல் ரேடியோவில் ஒலிபெருக்கி கிடையாது. காதுக் கருவியை மாட்டிக்கொண்டால்தான் ஏதாவது கேட்கும். ஒரே கருவியில் குடும்பம் முழுவதும் கேட்க வேண்டுமென்று மேனாட்டார் அதைப் பீங்கான் கிண்ணத்துக்குள் வைத்து, கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து கேட்டதும் உண்டு.

அப்போதெல்லாம் செய்தி காதில் விழுந்தால் போதும். இனிமையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. 1958-ல் அமெரிக்காவில் ஜான் காஸ் என்பவர், இரு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனைச் சங்கீத ரஸிகர்களுக்காகவே வெளியிட்டார். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைஸர் நிறுவனம் முதுகுப்புறம் திறந்த ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1979-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டதும் ஹெட்போன் வீட்டை விட்டு வீதிக்கு வந்துவிட்டது.

இந்த வரலாற்றில் நம் தேசத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, ஆங்கிலேயரின் அடக்குமுறைக்குத் தப்பி அமெரிக்கா சென்றவர் வங்காளத்து நோனி கோபால் போஸ். அவருடைய புதல்வர் அமர் போஸ் 1929-ல் பிலடெல்பியாவில் பிறந்து, பெரிய விஞ்ஞானப் பேராசிரியராக விளங்கினார். 1978-ல் ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் திரும்பும்போது, எஞ்சின் இரைச்சலில் பாட்டுக் கேட்கவில்லையே என்று ஆயாசப்பட்டு, இரைச்சலுக்கு எதிர் அலையை உண்டாக்கி இரைச்சலையே அழித்துவிடலாம் என்று பிரயாணத்தின்போதே கணக்குப் போட்டார். 1989-ல் விமானிகளுக்கான அத்தகைய ஹெட்போனை அவருடைய நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இனிச் சல்லடைக்கு வருவோம். ஹெட்போன் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களே சல்லடை. ‘5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். குறை இல்லாத இளங்காதுக்கே 20 முதல் 20,000 வரைதான் எட்டும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிவிடும். எட்டும் எல்லைக்குள் எந்த ஸ்தாயி தூக்கலாகவும் எது அமுங்கியும் கேட்கிறது என்பதே முக்கியம். அதைப் பெட்டி சொல்வதில்லை. உள்ளே இருக்கும் ஒலித்தகடு 50 மில்லிமீட்டர் என்றும் 40 மில்லிமீட்டர் என்றும் பெருமை பேசுவது, முத்தின் பருமனை மட்டும் சொல்லி ஒளியைச் சொல்லாமல் விடுவது போன்றது.

ஆனால் சல்லடையே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மின்தடையைக் குறிக்கும் ‘ஓம்’ என்ற எண்ணை அவசியம் பார்க்க வேண்டும். 32 ஓம் அளவில் இருக்கும் சாதாரண ஹெட்போன்களைப் பெரும்பாலும் கைபேசியே நன்றாக ஒலிக்கச் செய்துவிடும். சென்ஹைஸரின் ‘எச்.டி. 600’ போன்ற 300 ஓம் கருவிக்குத் தனியாக ஒரு சிறு ஆம்ப்ளிபயர் இருப்பது நலம். இதைக் கவனியாமல் வாங்கிவிட்டு, ‘இவ்வளவு பணம் கொடுத்தும் சத்தம் கம்மியாக இருக்கிறதே’ என்று கருவியின் மேல் குறை சொல்வது நியாயமாகாது.

விலை நல்ல வழிகாட்டியா? 2017-ல் பிரேபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து, அவற்றின் ஒலிச் சமநிலைக்கும் கடை விலைக்கும் யாதொரு சம்பந்தமும் காணோம் என்று எழுதினார். விலை ஏறினால் தோலும் தச்சும் உழைப்பும் உயரலாம். ஒலியும் கட்டாயம் உயரும் என்பதில்லை. ஷான் ஆலிவ் என்பவரும் அவருடைய சகாக்களும், இன்ன கருவி என்று தெரியாதபடி பலரைக் கேட்கச் செய்து பரீட்சித்தார்கள். பெயரும் விலையும் மறைந்திருக்கும்போது, பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே விதமான சமநிலையையே நல்லதென்று சொன்னார்கள். ஆகவே நல்ல காது என்பது சில நிபுணர்களின் தனிச் சொத்தல்ல.

எனவே இரண்டாவது பரீட்சையை நாமே நடத்தலாம். அதற்கு வேண்டிய உரைகல் நம் சங்கீதத்திலேயே இருக்கிறது.

முதல் உரைகல் தம்புரா. அதன் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டினால், நாம் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகவே உள்ளிருந்து எழும். ஸ்வயம்பு ஸ்வரம் என்று வித்வான்கள் சொல்வது இதைத்தான். நல்ல தம்புராப் பதிவு ஒன்றைக் கேளுங்கள். அந்தக் காந்தாரம் தெளிந்து தனியே மிதந்தால் ஹெட்போன் நல்ல ஜாதி. எல்லாம் கலந்து வண்டின் ரீங்காரம்போல் கேட்டால் யோசிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது மிருதங்கம். பெரும்பாலான தோல் வாத்தியங்களில் இல்லாத ஸ்வரத் தன்மை மிருதங்கத்துக்கு எப்படி வந்தது என்பதை 1920-ல் ஸர் சி.வி. ராமன் ‘நேச்சர்’ பத்திரிகையில் விளக்கினார். வலந்தலையின் நடுவே பூசியிருக்கும் கறுப்புச் சாந்து, தோலின் அதிர்வுகளை ஒன்றோடொன்று இசையும்படி ஒழுங்குபடுத்துகிறது. ஆகவே வலந்தலை மணிபோல் சுருதியோடு ஒலிக்க வேண்டும். இடப்புறத்துத் தொப்பி, ஆழமாக ஒலித்து உடனே அடங்க வேண்டும். சில ஹெட்போன்களில் தொப்பி மேடைக் கொட்டுப்போல் விம்மிப் பாடகரின் குரலையே மூடிவிடும். முதல் ஐந்து நிமிஷம் அது கம்பீரமாகத் தோன்றும். ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும்.

மூன்றாவது உரைகல் நம் ஜில்லாவின் சொந்தச் சொத்து. கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-ல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமே அது. 1962-ல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்காக எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த பாட்டை அறியாத தமிழர் இல்லை. குரலும் குழலும் ஒன்றை ஒன்று துரத்தும் இடங்களில் இரண்டையும் பிரித்து அறிய முடிகிறதா என்று பாருங்கள். மேல் ஸ்தாயியைத் தூக்கலாகக் காட்டும் ஹெட்போனில் நாகஸ்வரம் காதைக் கீறும். அதை அமுக்கும் ஹெட்போனில் நாகஸ்வரம் கிளாரினெட்போல் சாதுவாகிவிடும். பழைய பதிவுகளில் இயல்பாகவே உள்ள இரைச்சலுக்குக் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். பதிவில் இல்லாததை எந்த ஹெட்போனும் புதிதாகக் கொண்டுவராது.

பரீட்சை நியாயமாக நடக்க ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஹெட்போனும் ஒரே அளவு சத்தத்தில் ஒலிக்க வேண்டும். சத்தம் சற்றே கூடினாலும் மனிதக் காது அதையே ‘நல்ல ஒலி’ என்று தீர்ப்புச் சொல்லிவிடும். எது சத்தமாக ஒலிக்கிறதோ அதை முதலில் குறைத்துச் சமப்படுத்துங்கள். ஒரு சமயத்தில் இரண்டே கருவிகளை எடுத்துக்கொண்டு, ஒரே பகுதியை அரை நிமிஷம் இதிலும் அரை நிமிஷம் அதிலுமாக மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒலியின் நுட்பங்கள் நினைவில் வெகு நேரம் தங்குவதில்லை. நேற்றுக் கேட்டதை இன்று கேட்பதோடு ஒப்பிடுவது வீண். தேர்ந்தெடுத்ததை ஒரு மணி நேரம் தொடர்ந்து மாட்டிக்கொண்டிருந்தும் பார்க்க வேண்டும். கிடுக்கிபோல் காதை நெரிப்பது எவ்வளவு இனிமையாகப் பாடினால்தான் என்ன?

அடுத்தபடியாக, நம் கடற்கரைச் சீமைக்கே உரிய சில விஷயங்கள். முதுகு திறந்த ஹெட்போன் விசாலமான ஒலியைத் தரும்; ஆனால் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் சத்தத்தையும் உள்ளே விடும். கூட்டுக்குள் ஹனுமந்தோடி கேட்பவர், சமையலறையிலிருக்கும் குக்கரின் விசிலையும் சேர்த்துக் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். மூடிய ஹெட்போன் வெளிச் சத்தத்தைத் தடுக்கும். ஆனால் சித்திரை வெயிலில் அரை மணி நேரத்துக்குள் காது வேர்த்துவிடும். அமர் போஸ் வழியில் வந்த இரைச்சல் நீக்கி வகை, விசிறி போன்ற ஒரே சீரான இரைச்சலை நன்றாக அடக்கும். பேச்சையும் விசிலையும் அவ்வளவாக அடக்காது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் பாட்டுக் கேட்கும் தகப்பனாரும் ஒரே கூடத்தில் இருக்கும் வீட்டுக்கு மூடியதே சரி. தனி அறையும் அமைதியான இரவும் உள்ளவருக்குத் திறந்ததே சுகம்.

ஹெட்போனின் காது மெத்தைகளைச் செயற்கைத் தோலால் தைத்திருந்தால், ஈரக் காற்றில் சில வருஷங்களில் அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டும். ஈரம் அந்தப் பொருளைச் சிதைப்பதே காரணம். துணி மெத்தை இந்த விஷயத்தில் மேல். வேர்வையைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது உத்தமம். இணைப்பு முனையில் உப்புக் காற்றால் களிம்பு படியாமல் உலர்ந்த துணியால் துடைத்து வர வேண்டும். கம்பியில்லா ஹெட்போனில் பாட்டரி சில வருஷங்களில் சோர்ந்துவிடும். மாற்ற முடியாவிட்டால் கருவியே குப்பைக்குப் போகும். மெத்தையும் கம்பியும் தனியே வாங்கி மாற்றக்கூடிய கருவியானால் பத்து இருபது வருஷம் உழைக்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று, ‘உதிரிப் பாகம் கிடைக்குமா?’ என்பது.

கடைசியாக, பள்ளிக்கூட ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பஸ்ஸிலும் தெருவிலும் காதில் எதையாவது சொருகிக்கொண்டே வரும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, அவ்வளவு சத்தம். ஒவ்வொரு காதுக்குள்ளும் சுமார் 15,000 நுண்ணிய உணர்ச்சி அணுக்கள் இருக்கின்றன. அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருக்கும் அளவு இது: 80 டெசிபல் சத்தத்தில் பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், குழந்தைகளுக்கு 75 டெசிபலே எல்லை. சத்தம் மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபல் ஆனால் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரம்தான்.

நல்ல ஹெட்போனை நாடுவதற்கு இதுவே தக்க காரணம் என்பது என் அபிப்பிராயம். வெளி இரைச்சலைத் தடுத்து, தம்புராவின் காந்தாரத்தைத் தெளிவாகக் காட்டும் கருவியில் மெல்லிய சத்தமே போதும். மட்டமான கருவியில் அந்தத் தெளிவைத் தேடித்தான் பிள்ளைகள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

பல கருவிகளை வரிசையாக வைத்துக் கேட்டுப் பார்க்கும் வசதி சிற்றூர்களில் அரிது. ஆகையால் சங்கீதத்தில் பிரியமுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து தங்கள் ஹெட்போன்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் கொண்டுவந்து, மேலே சொன்ன மூன்று உரைகற்களில் உரைத்துப் பார்க்கட்டும். வீட்டிலுள்ள குழந்தைகளையும் கூட வைத்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். விலையை மட்டும் கடைசி வரையில் அவர்களுக்குச் சொல்லாதீர்கள்.