துயர் ஆற்றும் மருந்தும் துணையும்

இறந்தாரை எண்ணி வருந்துதல் நோயன்று. அவ்வருத்தம் ஆறாது நீடித்து வாழ்வை முடக்குமாயின் நோயென்பர் மருத்துவர். அதற்குக் காளானில் உள்ள சைலோசைபின் என்னும் மயக்கப்பொருள் உதவுமா என்று அறிஞர் ஆராய்கின்றனர்.

2020இல் வெளிவந்த சான் பிரான்சிஸ்கோ ஆய்வொன்றில், எய்ட்ஸ் நோய்க்குத் தப்பிப் பிழைத்தும், உற்றாரைப் பறிகொடுத்து மனந்தளர்ந்த ஆடவர் 18 பேர் பங்குகொண்டனர். மருந்து தந்தது ஒருமுறையே. குழுவாய்க் கூடித் துயரைப் பேசியதோ எட்டு முதல் பத்து முறை. அவர்தம் தளர்ச்சி தணிந்தது. ஆயினும் மருந்தின்றிப் பேசிய குழுவொன்றை ஒப்பிட்டு நோக்காமையின், தணித்தது மருந்தா, பேச்சா என அறுதியிட இயலாது.

சுங்கை பினாங்கில் வாழும் நாம் அம்மருந்தை நாடுதற்கில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டம் தடுக்கின்றது. துயருற்றார் அருகமர்ந்து கேட்பதற்கோ தடையில்லை. கூடியழுது ஒப்பாரி வைத்த நம் பெண்டிர் அதனை நன்கறிவர்.