கூத்துக்கு நடுவே கொதிக்கும் லேப்டாப்

காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். இப்போதெல்லாம் ஹார்மோனியம், மிருதங்கத்தோடு யூடியூப் லைவ் போடுகிற பையன் ஒருவனும் மேடையோரம் இடம்பிடித்துவிடுகிறான். மைக் செட்டிலிருந்து ஒரு வயர், கேமராவிலிருந்து ஒரு வயர், பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஒரு லேப்டாப். 12 மணி நேரத்துக்குள் முடிகிற லைவை யூடியூப் தானாகவே சேமித்துக்கொள்ளும். ஓர் இரவுக் கூத்து அதில் அடங்கிவிடும். லேப்டாப்தான் தாங்காது. நள்ளிரவு தாண்டியதும் ஃபேன் இரையும், படம் திக்கும், ஒலி ‘டப் டப்’ என்று வெட்டும். “கிராபிக்ஸ் கார்டு பத்தல தம்பி, வேற லேப்டாப் வாங்கு” என்பார் பக்கத்தில் நிற்கிற யாராவது.

பர்ஸைத் திறக்கும் முன் ஒரு கணக்குப் போடலாம். எட்டு மைக், ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 48,000 மாதிரிகள், மொத்தம் 3.84 லட்சம் எண்கள். மிக்ஸர் மென்பொருள் இதைக் கூட்டிக் கலப்பது இன்றைய பிராசஸருக்குப் பெரிய வேலையே இல்லை. அதே மிக்ஸர் மென்பொருள் திரையில் காட்டுகிற வித்தைக்கு வாருங்கள். 1920க்கு 1080 திரையில் 20.7 லட்சம் புள்ளிகள். அவற்றை வினாடிக்கு 60 முறை வரைந்தால் 12.4 கோடி. பச்சை, மஞ்சள், சிவப்பாகத் துள்ளும் லெவல் மீட்டரை மட்டும் வரையாமல் முழு ஜன்னலையும் ஒவ்வொரு முறையும் திருப்பி வரைகிற சோம்பேறி மென்பொருள்கள் உண்டு. 144 ஹெர்ட்ஸ் திரை என்றால் சில மென்பொருள்கள் 144 முறையும் வரையும்.

இத்தனை வேகம் யாருக்கு? 1939இல் அமெரிக்க வானொலிக்காரர்களும் பெல் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கிய வி.யு. மீட்டரின் முள், ஒலியின் அளவைத் தொட 300 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது. அந்த நிதானமான முள்ளைப் பார்த்துத்தான் பல பத்தாண்டுகள் ரேடியோவும் சினிமாப் பாட்டும் பதிவாயின.

சாதாரண லேப்டாப்பில் கிராபிக்ஸும் பிராசஸரும் ஒரே சிப்பில் இருக்கும். ரேமும் பொது, சூடும் பொது. ஒரு பக்கம் காய்ந்தால் இரண்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒலிக்கோ தவணை கறாரானது: 256 மாதிரி பஃபர் என்றால் சுமார் 5.3 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடுத்த பகுதி தயாராக வேண்டும். தவறினால் அந்த ‘டப்’. காட்சியை அடுக்கி அனுப்புகிற ஓபிஎஸ் ஸ்டூடியோவுக்கும் அதே கிராபிக்ஸ்தான் வேண்டும். அதன் பங்கை மீட்டர் தின்றால் படம் திக்காமல் என்ன செய்யும்?

கண்டுபிடிப்பது எளிது. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஜிபியு (கிராபிக்ஸ்) பத்தியைப் பார்த்துக்கொண்டே மிக்ஸரை மினிமைஸ் செய்யுங்கள். எண் சட்டென்று விழுந்தால் குற்றவாளி அலங்காரம்தான். (சிப் ஓய்வாக, குறைந்த வேகத்தில் ஓடும்போது சதவீதம் ஊதிக் காட்டும், 20, 30 என்றதும் பதற வேண்டாம். சூடும் ஃபேனும் சேர்ந்து ஏறுகிறதா என்று பாருங்கள்.) என்விடியாவின் இரைச்சல் நீக்கி போன்றவற்றின் கதை வேறு, அவை ஒலியைச் சுத்தம் செய்யவே ஜிபியுவைப் பயன்படுத்துகின்றன, மினிமைஸ் செய்தாலும் குறையாது.

இலவசமாகக் கிடைக்கிற ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியில் மீட்டரை வினாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்க வேண்டும் என்பதை நாமே குறைக்கலாம். ரீப்பரிலும் அந்த வசதி உண்டு. காசு வாங்கிக்கொண்டு மினுக்கும் சில மிக்ஸர்களில் அந்த ஒரு பெட்டியைத் தேடினாலும் கிடைக்காது. அது எழுதியவர்களின் அலட்சியம். அதற்கு நாம் புது லேப்டாப் வாங்குவது அநியாயம். அப்படிப்பட்டவற்றை லெவல் பார்த்து வைத்ததும் மினிமைஸ் செய்துவிடலாம். 144 ஹெர்ட்ஸ் திரையை 60க்கு இறக்கலாம். ஓபிஎஸ்ஸில் பிரிவியூ மேல் ரைட் கிளிக் செய்து அதையும் அணைக்கலாம். லைவ் நிற்காது, படம் சரியாகப் போகிறதா என்பதை போனில் பார்த்துக்கொண்டால் போதும்.