முடிவும் விளைவும் : ஆடுகளத் தலைமை குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

தலைமை ஏற்பார் எவராயினும் பிறரது சினத்திற்கு ஆளாதல் இயல்பே. அரசு, நிறுவனம், குடும்பம் ஆகிய அனைத்திற்கும் இது பொருந்தும். ஆயினும் ஆடுகளத்தில் தலைமை ஏற்பார் எய்தும் ஏச்சு வேறெவர்க்கும் வாய்ப்பதன்று. நம் அணி தோற்ற மறுநாள் காலை மயிலாப்பூர் மாடவீதியிலும், தியாகராய நகர்க் கடைத்தெருவிலும், அடையாற்றுப் பேருந்து நிறுத்தத்திலும் நிகழும் உரையாடல்களைச் செவிமடுப்பார் இதனை நன்குணர்வர். "அவனை ஏன் அனுப்பினான்? இவனுக்கு ஏன் பந்து கொடுத்தான்?" என்னும் வினாக்களே எங்கும் ஒலிக்கும். இவ்வினாக்களுள் நியாயமானவை எவை, நியாயமற்றவை எவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முடிவு வேறு, விளைவு வேறு

'முடிவு' என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். ஒருவர் எடுக்கும் தீர்மானமும் முடிவு. ஆட்டத்தின் இறுதி நிலையும் முடிவு. சொல் ஒன்றாயிருப்பதாலோ என்னவோ, பொருளையும் ஒன்றெனவே மயங்கிவிடுகிறோம். வென்றால் தீர்மானம் நன்று, தோற்றால் தீர்மானம் தீது என்பதே பெரும்பாலோர் அளவுகோல். தீர்மானம் எடுப்பவர் கையில் இருப்பன அந்நேரத்துச் செய்திகள் மட்டுமே. பின்னர் நிகழ்வதை அறிந்துகொண்டு தீர்ப்புரைப்பது, விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதியவனைப் பழிப்பதை ஒக்கும்.

இதற்கு உலகறிந்த சான்று அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தில் உள்ளது. நாம் அறிந்த காற்பந்தினின்று அது பெரிதும் வேறுபட்டது. பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ எறிந்தோ எதிரணியின் எல்லையைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்துக் கெஜம் முன்னேறுவதற்கென ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். ஒவ்வொரு முயற்சியும் எவ்வாறு அமையவேண்டும் என்பதைக் களத்திற்கு வெளியே நிற்கும் பயிற்றுநர் குழுவே பெரும்பாலும் தீர்மானிக்கும். 2015 பிப்ரவரி முதல் நாள் நடைபெற்ற இறுதிப் போட்டியில் சியாட்டில் அணி நியூ இங்கிலாந்து அணியைவிட நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தது. வெற்றிக்கு ஒரே ஒரு கெஜம். எஞ்சியிருந்தது அரை நிமிடத்திற்கும் குறைவு. பந்தை ஏந்தி முட்டி மோதி முன்னேறுவதில் வல்லவரான மார்ஷான் லின்ச் களத்தில் இருந்தார். அவரிடம் பந்து தரப்படும் என அனைவரும் எதிர்பார்த்திருக்க, பந்தை எறியுமாறு ஏவப்பட்டது. எதிரணியின் மால்கம் பட்லர் அதனை இடைமறித்துப் பற்றினார். சியாட்டில் 24-28 எனத் தோற்றது. வரலாற்றிலேயே மிக மோசமான தீர்மானம் என்று பயிற்றுநர் பீட் கேரல் தூற்றப்பட்டார்.

ஆயின் அவர் கணக்கையும் நோக்குதல் வேண்டும். மூன்று முயற்சிகள் எஞ்சியிருந்தன; ஆட்டத்தை இடைநிறுத்தும் உரிமை ஒருமுறையே எஞ்சியிருந்தது. ஓடிச்சென்று தடுக்கப்பட்டால் கடிகாரம் நில்லாது ஓடும். எறிந்த பந்து எவர் கைக்கும் எட்டாது வீழ்ந்தால் கடிகாரம் நிற்கும். ஆகவே மூன்று முயற்சிகளையும் முழுமையாகப் பயன்படுத்த ஒருமுறை எறிந்து பார்ப்பது அறிவுக்கு ஒவ்வாத செயலன்று. விளைவு தீதாயிற்று; தீர்மானத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கேரல் பழியைப் பிறர்மீது சுமத்தாது தாமே ஏற்றுக்கொண்டமை ஈண்டுக் குறிக்கத்தக்கது.

சேப்பாக்கம் கற்பித்த பாடங்கள்

கடல் கடந்து செல்லாமலே இவ்வுண்மையைக் கற்பிக்கவல்ல களம் நம் நகரின் நடுவே உள்ளது. வாலாஜா சாலையை ஒட்டிய சேப்பாக்கம் மைதானமே அது. 1986 செப்டம்பரில் அங்கு நடைபெற்ற டெஸ்ட் ஆட்டத்தில் ஆஸ்திரேலிய அணித்தலைவர் ஆலன் பார்டர் ஐந்தாம் நாள் மட்டை பிடிக்காமலே தம் இன்னிங்சை டிக்ளேர் செய்தார். ஒரு முழு நாளில் 348 ஓட்டங்கள் எடுக்குமாறு இந்தியா அழைக்கப்பட்டது. மேலும் சிறிது நேரம் ஆடியிருந்தால் அவர் அணிக்குத் தோல்வி அச்சமே இருந்திராது. ஆனால் வெற்றி வாய்ப்பும் குறைந்திருக்கும்.

ஆட்டம் இறுதி ஓவர் வரை சென்றது. கடைசி இணை களத்தில் நிற்க, இந்தியாவுக்கு நான்கு ஓட்டங்கள் தேவைப்பட்டன. ரவி சாஸ்திரி இரண்டு ஓட்டங்களும், பின்னர் ஓர் ஓட்டமும் எடுத்தார். ஓட்டங்கள் சமமாயின. ஆனால் அடுத்த பந்தை எதிர்கொள்ளும் நிலை மட்டை வன்மை குறைந்த மணீந்தர் சிங்கிற்கு நேர்ந்தது. அவர் கிரெக் மேத்யூஸ் வீசிய ஐந்தாம் பந்தில் எல்.பி.டபிள்யூ. முறையில் ஆட்டமிழக்க, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் இவ்வாறு முடிந்த ஆட்டங்கள் இரண்டே. "அந்த ஓர் ஓட்டத்தை ஏன் எடுத்தார்?" என்று வருந்துவோர் ஒன்றை மறக்கின்றனர். அவ்வோட்டம் எடுக்கப்பட்ட கணத்திலேயே இந்தியாவின் தோல்வி இயலாததாயிற்று. அதை மறுத்து நின்று அவரே ஆட்டமிழந்திருந்தால் தோல்வியன்றோ எய்தியிருப்போம்!

2008 டிசம்பரில் அதே களத்தில் இங்கிலாந்து அணித்தலைவர் கெவின் பீட்டர்சன் 387 ஓட்டங்களை இலக்காக வைத்து டிக்ளேர் செய்தார். அதுவரை இந்திய மண்ணில் எவ்வணியும் நான்காவது இன்னிங்சில் அத்துணை ஓட்டங்கள் எடுத்து வென்றதில்லை. அன்று மாலை சேவாக் 68 பந்துகளில் எடுத்த 83 ஓட்டங்கள் கணக்கை மாற்றின. மறுநாள் டெண்டுல்கர் ஆட்டமிழக்காது 103 ஓட்டங்கள் எடுக்க, இந்தியா ஆறு விக்கெட் வேறுபாட்டில் வென்றது. பார்டரும் பீட்டர்சனும் செய்தது ஏறத்தாழ ஒரே செயல். ஒருவர் துணிவாளர் எனப் போற்றப்பட்டார். மற்றவர் குறை கூறப்பட்டார்.

ஒரே வீரர், இரு தீர்மானங்கள்

சென்னை மக்கள் தம்மவராகவே கொண்டாடும் மகேந்திர சிங் தோனியைச் சார்ந்தும் இத்தகைய இணை ஒன்று உண்டு. 2011 ஏப்ரல் 2ஆம் நாள் மும்பையில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், மூன்றாவது விக்கெட் 114 ஓட்டங்களில் வீழ்ந்தபோது, அத்தொடர் முழுதும் சிறப்பாக ஆடிவந்த யுவராஜ் சிங்கிற்கு முன்பாகத் தோனி களமிறங்கினார். அத்தொடரில் அதுவரை அவர் அரைச்சதம்கூட அடித்ததில்லை. ஆயினும் காரணம் இருந்தது. களத்தில் கம்பீர் இடக்கையர். வலக்கையர் ஒருவர் துணை நிற்பது நன்று. மேலும், எதிரணியின் முரளிதரன் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் தோனியோடு ஆடியவர். அவர் பந்துவீச்சு தோனிக்குப் பழக்கமானது. தோனி ஆட்டமிழக்காது 91 ஓட்டங்கள் எடுத்தார்; கோப்பை கைகூடியது.

2019 ஜூலையில் மான்செஸ்டரில் நடந்த அரையிறுதியில் இந்தியா 240 ஓட்டங்களைத் துரத்தியது. ஐந்து ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகளும், 24 ஓட்டங்களுக்கு நான்காவது விக்கெட்டும் வீழ்ந்தன. அப்போதும் தோனி அனுப்பப்படவில்லை. ஏழாம் இடத்திலேயே இறங்கினார். அவரும் 77 ஓட்டங்கள் எடுத்த ஜடேஜாவும் போராடியும் 18 ஓட்டங்களில் இந்தியா தோற்றது. இறுதியில் ஆட்டத்தை முடித்துவைக்க அவர் அனுபவம் தேவை என்று அணி கருதியதாகப் பயிற்றுநர் ரவி சாஸ்திரி பின்னர் விளக்கினார். 1986இல் அந்த ஓர் ஓட்டத்தை எடுத்த அதே சாஸ்திரியே இவர்.

இத்தீர்மானத்தைக் குறை கூறலாமா? கூறலாம் என்பதே என் கருத்து. முடித்துவைக்க வல்லவரைக் காத்துவைப்பது நன்றே. ஆனால் முடிப்பதற்கு ஆட்டம் எஞ்சியிருத்தல் வேண்டும். 24 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட் என்னும் நிலையில் தேவைப்பட்டது சரிவைத் தாங்கும் தூண். இவ்வினாவைத் தோல்விக்குப் பின்னரன்றி, நான்காவது விக்கெட் வீழ்ந்த கணத்திலேயே கேட்டிருக்க இயலும். விளைவு தெரியுமுன் கேட்கத்தக்க வினாவே நேர்மையான வினா என்பது இதனால் பெறப்படும்.

வள்ளுவர் வகுத்த அளவுகோல்

இத்தகைய ஆராய்ச்சிக்குத் தமிழர் வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என ஆறு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. செயலின் ஆக்கமும் கேடும், இருதரப்பு வலிமை, காலம், களம், ஆளின் தகுதி, அவரிடம் பணியை ஒப்படைக்கும் முறை என்னும் இவ்வொழுங்கு, ஓர் அணித்தலைவர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்களின் வரிசையாகவே தோன்றுகிறது. இவ்வாறையும் எண்ணித் துணிந்தவர் தோற்பினும் பழிக்கத்தக்கவர் அல்லர். எண்ணாது துணிந்தவர் வெல்லினும் போற்றத்தக்கவர் அல்லர்.

இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. விளைவை மட்டுமே கண்டு ஏசும் கூட்டத்தின் முன்னிலையில் தலைவர் நாளடைவில் அஞ்சத் தொடங்குகிறார். அணிக்கு எது நன்று என எண்ணாது, தமக்கு எது பழி தராது என எண்ணத் தலைப்படுகிறார். வீடுகளிலும் இதுவே நிகழ்கிறது. ஆர்வமும் திறனும் அறிந்து ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்த மாணவன் ஒரு தேர்வில் சறுக்கியதும், "அப்போதே சொன்னோமே" என்கின்றனர் சுற்றத்தார். அவர்கள் அப்போது சொன்னதில்லை என்பதை அவன் அறிவான். அடுத்த முறை அவன் தனக்குரியதைத் தேர்வதில்லை. பிறர் ஏசாததையே தேர்கிறான்.

முடிவுரை

1999 ஜனவரி 31ஆம் நாள் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 271 ஓட்டங்களை இந்தியா துரத்தியது. முதுகு வலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கர், 17 ஓட்டங்களே தேவைப்பட்ட நிலையில் பந்தை உயர்த்தி அடித்து ஆட்டமிழந்தார். எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களுக்குள் சரிய, இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. அந்த அடி தேவைதானா என்னும் வினா இன்றும் எழுகிறது. ஆயின் அன்று அரங்கில் இருந்தோர் செய்தது யாது? மைதானத்தைச் சுற்றிவந்த வாசிம் அக்ரமின் அணிக்கு எழுந்து நின்று கைதட்டினர். விளைவு தமக்குக் கசப்பாயினும், களத்தில் காட்டப்பட்ட திறனை அதன் தகுதி கொண்டே அவர்கள் மதித்தனர். அவ்வரங்கினரின் நடுநிலை மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பெரியோர்க்கும் வாய்க்குமாயின், நம்மிடையே துணிந்து தலைமை ஏற்பார் பெருகுவர் என்பது உறுதி.